பயிற்சியைப் பார்க்கப் போகும் மகளுக்கு எதைக் காட்டுவது?

உங்கள் கேள்வியை மேலோட்டமாக வாசித்தால் அது பயணத் திட்டம் பற்றியது. பாடசாலை அணியில் கூடைப்பந்தாட்டம் ஆடும் பதின்மூன்று வயது மகளோடு ஓகஸ்ட் விடுமுறைக்கு கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபுறோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கே பெண்களின் தொழில்முறை அணி பயிற்சி செய்வதை இரசிகர்கள் இருந்து பார்க்கும் நாள்கள் உண்டென்று தங்கை சொல்கிறார். போட்டிக்கே ரிக்கற் எடுக்கக்கூடியதாக இருக்கும்போது, சும்மா பந்தை எறிந்து பிடிப்பதைப் பார்க்க ஒரு நாளைச் செலவழிக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் என்னைப் பதில் எழுத வைத்தது நீங்கள் கடைசியில் சேர்த்திருக்கும் வரிதான்: ஆள்கள் பார்த்துக்கொண்டிருக்கச் செய்வது உண்மையான பயிற்சியா, இல்லை எங்களுக்காகச் செய்து காட்டுவதா? அந்த வரிக்குப் பதில் கிடைத்தால் முதற் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட யாழ் மாவட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். அதில் பெரும்பகுதி பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட அணிகளோடும் கூடைப்பந்தாட்ட அணிகளோடும் சீமெந்துத் தரையில் கழிந்தது. சனிக்கிழமைகளில் விசிலோடு மத்தியஸ்தம் பார்த்ததும் உண்டு. தொழில்முறை அணி எதற்கும் நான் பயிற்சி கொடுத்ததில்லை. மெல்பேர்ணில் மகன் வீட்டில் போய் நின்ற இரண்டு தடவைகளில், அங்குள்ள பெண்கள் தொழில்முறை அணியொன்றின் பயிற்சியை மூன்று நாள்கள் பார்த்தேன். ஆகவே பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்வதை அனுபவமாகவும், தொழில்முறை வீராங்கனைகளைப் பற்றிச் சொல்வதைச் சற்றுத் தள்ளி இருந்து பார்த்தவனின் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை குறிப்பிடும் அணி ரொறன்ரோ ரெம்போவாகத்தான் இருக்க வேண்டும். 1997இல் முதற் பருவத்தை ஆடிய அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரில், அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதலாவது அணி அது. 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டு, 2026 பருவத்துக்கென்று உருவாக்கப்பட்டது. அதன் சொந்தக் களம் எக்ஸிபிஷன் பிளேஸ் வளாகத்தில் உள்ள கொக்கா கோலா கொலிசியம். இத்தகைய அணிகளின் பயிற்சிக் கதவு எப்போது திறக்கும், திறந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதெல்லாம் பருவத்தின் ஓட்டத்தைப் பொறுத்தது. மே மாதப் போட்டிகளுக்கு முன் நடக்கும் ஆயத்த முகாமில்தான் கடும் பயிற்சியும், அணியில் இடம்பிடிக்க வீராங்கனைகளுக்குள் நடக்கும் இழுபறியும். பருவம் தொடங்கிவிட்டால் கதை வேறு: 2025இல் ஒவ்வோர் அணியும் 44 போட்டிகள் ஆட வேண்டியிருந்தது, இடையிடையே விமானப் பயணம் வேறு. அந்த நெருக்கடியில் பயிற்சி என்பது பெரும்பாலும் உடலைத் தேற்றுவதும் அடுத்த எதிரணிக்கான ஒத்திகையுமாகச் சுருங்கிவிடும். போட்டி நாள் காலையில் கொஞ்ச நேரம் எறிந்து பார்த்து, ஆட்ட அமைப்புகளை நடைவேகத்தில் ஓடிப்பார்க்கும் பயிற்சி ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார்கள், கையிலிருக்கும் சீட்டை விரித்துக் காட்டிக்கொண்டு கடதாசி விளையாடுபவர் எவருமில்லையே. நீங்கள் ஓகஸ்டில் போவதால், முழுப் பயிற்சியொன்று பார்க்கக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், போட்டிக்கு எடுக்கும் ரிக்கற்றையே பயிற்சிக்கும் உரியதாக்கும் வழியொன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருவோம். பார்ப்பவர் இருந்தால் செய்பவர் மாறுவார் என்பதில் சந்தேகமில்லை. ரொபேர்ட் ஸயொன்க் என்ற உளவியலாளர் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்: கைவந்த செயலைப் பார்வையாளர் முன் இன்னும் நன்றாகச் செய்வோம், கைவராததை இன்னும் மோசமாகச் செய்வோம். 1969இல் அவரும் கூட்டாளிகளும் கரப்பான் பூச்சிகளை ஓடவிட்டு, மற்றக் கரப்பான்கள் பக்கத்தில் நிற்கும்போது அவை நேர்ப்பாதையில் வேகமாகவும், திருப்பம் உள்ள பாதையில் மெதுவாகவும் ஓடியதாகக் காட்டினார்கள். (இரவில் குசினியில் லைற் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதில் முதற்பாதி ஆச்சரியம் தராது.) ஐயத்துக்குரியது இந்த விளைவின் அளவுதான். இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை 1983இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதரில் அது சிறியதாகவே வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் முன் ஆடிப் பழகிய ஒரு தொழில்முறை வீராங்கனைக்கு, கரையில் இருக்கும் நானும் நீங்களும் ஒரு பொருட்டாக இருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் பிள்ளைகளிடம் அது சிறியதாக இருந்ததில்லை. நான் கடைசியாக வேலை செய்த பாடசாலையில் களத்தின் மேற்குப் பக்க மதில் ஆளுயரம். மதிலுக்கு வெளியே ஒரு வேம்பு. பின்னேரம் நாலரைக்குப் பிறகு அந்த நிழலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும். எவரும் மறிக்காமல் நின்று எறியும் பிறீ துரோ கோட்டிலிருந்து வழக்கமாகப் பத்துக்கு ஏழு போடும் ஒரு பிள்ளை, தகப்பன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒரு பின்னேரம் பத்துக்கு மூன்றுதான் போட்டாள். கை மாறவில்லை, கால் மாறவில்லை. வளையத்தைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் மதிலை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். மறுகிழமை தகப்பனை உள்ளே கூப்பிட்டு, வளையத்துக்குக் கீழே நிற்கவிட்டு, விழும் பந்தைப் பொறுக்கி மகளுக்குக் கொடுக்கச் சொன்னேன். மனிதர் முதல் நாள் வெட்கப்பட்டார், இரண்டாம் நாள் வியர்த்தார், மூன்றாம் நாள் முழங்கையை உள்ளே வை பிள்ளை என்று எனக்கு முன்னால் எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். பழைய ஏழு திரும்பி வந்தது. பார்ப்பவர் வேலை செய்பவராக மாறிய பிறகு பிள்ளைக்கு அவர் பார்வையாளராகத் தெரியவில்லை என்பது என்னுடைய ஊகம். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஆக, திறந்த பயிற்சியில் ஒரு பகுதி காட்சிதான் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். புதிய ஆட்ட அமைப்புகளை அன்று எடுக்கமாட்டார்கள். பயிற்றுநர் ஒரு வீராங்கனையைக் கண்டிக்க வேண்டியிருந்தால் அதை அறைக்குள் வைத்துக்கொள்வார். காயத்திலிருந்து தேறி வருபவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் பழக்கத்தை எவராலும் ஒரு பின்னேரத்துக்கு மட்டும் வேடமாகப் போட்டுக்கொள்ள முடியாது. மெல்பேர்ணில் நான் பார்த்த இரண்டாம் நாளில், விரலிரண்டைச் சேர்த்து வெள்ளை ரேப் சுற்றியிருந்த ஒரு வீராங்கனை இடது மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) வெளியே நின்று எறிந்துகொண்டிருந்தார். அடுத்தடுத்து ஐந்து விழுந்த பிறகே இடம் மாறுவது என்பது அவர் தனக்கு வைத்த கணக்கு. நான்கு விழும், ஐந்தாவது வளையத்தில் பட்டு வெளியே வரும், திரும்பவும் ஒன்று. மூன்று தடவை அப்படி நடந்தது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை, தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. உதவியாளர் பந்தைத் திருப்பி எறிவதற்கு முன்பே முழங்கால் மடிந்து, உள்ளங்கைகள் மார்புக்கு நேரே விரிந்து தயாராக இருந்தன. பந்து வந்த பிறகு தயாராகும் பழக்கத்தை எங்கள் பிள்ளைகளிடமிருந்து கழற்ற எனக்கு ஒரு தவணை முழுதும் போதாமல் இருந்திருக்கிறது. தொலைக்காட்சியில் இதைக் காணவே முடியாது, ஏனென்றால் பந்து அவருடைய கைக்கு வந்த பிறகுதான் கமரா அவரிடம் வரும்.

உங்கள் மகள் அங்கே போய்ப் பார்க்க வேண்டியதை ஒன்றாகச் சொல் என்றால், பந்து கையில் இல்லாதவரைப் பார்க்கச் சொல்வேன். ஓர் ஆட்டத்தில் களத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள், பந்து ஒன்று. எந்த வீராங்கனையாக இருந்தாலும் ஆடும் நேரத்தில் பெரும்பகுதி அவர் கையில் பந்து இல்லை. போட்டியைப் பார்க்கும்போது கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடிவிடும். பயிற்சியிலோ ஒரே செயலைப் பத்துத் தரம் திரும்பத் திரும்பச் செய்வதால், முதல் இரண்டு தரம் பந்தைப் பார்த்து அலுத்துப்போன கண் மூன்றாம் தரம் மற்றவர்களிடம் போகும். அநேகமாக எல்லா அணிகளும் செய்யும் ஒரு பயிற்சியை வைத்துச் சொல்கிறேன். நான்கு பேர் தாக்குபவர்கள், நான்கு பேர் தடுப்பவர்கள்; தாக்குபவர்கள் மூன்று புள்ளிக் கோட்டைச் சுற்றி நின்று பந்தைக் கைமாற்றுவார்கள், ஆரம்பத்தில் எறிவது கிடையாது. பந்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பறக்கும் அந்த நேரத்துக்குள் தடுக்கும் நால்வரும் இடம் மாறியாக வேண்டும்: பந்துக்கு முன்னால் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் கையை நீட்டி வழிமறிப்பவர், பந்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளவர் தன் ஆளை விட்டு உள்ளே இறங்கி வளையத்தைக் காப்பவர். எங்கள் பிள்ளைகள் பந்து கையில் சேர்ந்த பிறகு நகர்வார்கள். அந்த வீராங்கனைகள் பந்து காற்றில் இருக்கும்போதே நகர்ந்து முடித்துவிடுகிறார்கள். வேகமான கால் என்று நாம் வெளியிலிருந்து சொல்வது, பெரும்பாலும் அந்த அரைச் செக்கன் முந்திய தொடக்கம்தான்.

அதே நேரத்தில் காதையும் தீட்டி வைத்திருக்கச் சொல்லுங்கள். போட்டியில் பாட்டும் கைதட்டலும் எல்லாவற்றையும் மூடிவிடும். பயிற்சியில் சப்பாத்து கிரீச்சிடுவதற்கும் பந்து குத்துவதற்கும் மேலால் அவர்கள் ஓயாமல் பேசுவது கேட்கும்: நான் பந்தை எடுக்கிறேன், பின்னால் ஆள் வருகிறது, இடம் மாறு, உதவி உன் இடப்பக்கம். எல்லாம் ஒற்றைச் சொற்கள், ஆனால் தடுக்கும் எல்லோரும் பேசுவார்கள், வந்து ஒரு மாதமான புதியவரும் பேசுவார். எங்கள் களங்களில் சத்தம் போடுபவர் பயிற்றுநர் ஒருவர்தான். பெண்பிள்ளை உரத்துக் கதைக்கக்கூடாது என்று வீட்டில் பன்னிரண்டு வருடம் சொல்லி வளர்த்துவிட்டு, களத்தில் கத்து என்றால் அவள் எப்படிக் கத்துவாள்? எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆதலால் சற்றுக் கூட்டிச் சொல்கிறேனோ என்னவோ. ஆனால் மூன்று பெண்கள் ஒருவரையொருவர் உரத்துக் கூப்பிட்டு ஒரு தாக்குதலை மறிப்பதை உங்கள் மகள் இருபது அடித் தூரத்தில் இருந்து கேட்டால், நான் பத்துத் தரம் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

தாயாக நீங்கள் கவனிக்க வேண்டியது பயிற்சியின் முதற் பதினைந்து நிமிடம். குதித்து இறங்கும் அசைவுகளை மெதுவாகவும், சில வேளை ஒற்றைக் காலிலும் செய்வார்கள். இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியாமல் பாதத்துக்கு நேரே இருக்கிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். பார்ப்பவருக்கு இது வெறும் கை கால் உதறலாகத் தெரியும். முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது கூடைப்பந்தாட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்குத் தெளிவாகக் கூடுதல் என்பதும், அவற்றில் பெரும்பாலானவை எவரும் இடிக்காமல், இறங்கும்போதோ திடீரெனத் திரும்பும்போதோ நடக்கின்றன என்பதும், இத்தகைய ஆயத்தப் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் அந்த ஆபத்துக் குறைகிறது என்பதும் உறுதியான விடயங்கள். ஏன் பெண்களுக்குக் கூடுதல் என்பதில்தான் இழுபறி: இடுப்பின் அமைப்பு, மாதச் சுழற்சியின் சுரப்புகள், சிறுவயதில் குதித்துப் பழகாதது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் சார்பு கடைசிக் காரணத்தின் பக்கம். ஆனால் அது வைத்தியரின் முடிவாக இல்லாமல் ஒரு வாத்தியாரின் சாய்வாகவே இருக்கட்டும். எங்கள் பாடசாலைகளில் களத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு நேரே சீமெந்துத் தரையில் ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம். மகளுக்கு இப்போதே முழங்கால் நோ இருந்தால், அதைக் கனடா போய்ப் பார்ப்பதற்கென்று வைத்திருக்காமல் இங்கேயே வைத்தியரிடமும் உடற்றொழில் சிகிச்சையாளரிடமும் காட்டுங்கள்.

இன்னொன்றையும் பயிற்சியில் காணக்கூடும்: எதிரணியாக ஆடும் சில இளைஞர்கள். அமெரிக்கக் கல்லூரிகளிலும் தொழில்முறை அணிகளிலும் ஆண்களைப் பயிற்சி எதிராளிகளாக வைத்து ஆடுவது பழகிய நடைமுறை. உயரமும் வேகமும் கூடிய ஆள்களுக்கு எதிராகப் பழகவும், தங்கள் வீராங்கனைகள் களைத்துக் காயப்படாமல் இருக்கவும் இது உதவுகிறது. இந்த விளையாட்டின் தொடக்கத்தை நினைத்தால் இது எனக்குச் சிரிப்பைத் தரும். கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரென்சன் என்ற உடற்கல்வி ஆசிரியை அதைப் பக்கத்திலிருந்த சிமித் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுபோய், களத்தை மூன்றாகப் பிரித்து, பெண்களுக்கென்று விதிகளை மாற்றினார். 1896இல் ஸ்ரான்போர்ட் மாணவிகளும் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவிகளும் ஆடி 2-1 என்று ஸ்ரான்போர்ட் வென்ற ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. எங்கள் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டமும் அந்தக் காலத்துப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்தில் பிரிந்து வளர்ந்த கிளைதான்; பந்தோடு நகரக்கூடாது, மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்னும் விதிகளில் அந்தச் சாயல் இன்னும் தெரிகிறது. உங்கள் மகள் வலைப்பந்தாட்டமும் ஆடுபவளாக இருந்தால், நின்ற இடத்தில் ஒரு காலை ஊன்றித் திரும்பும் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கும். அதைத் தொழில்முறை வீராங்கனைகள் வளையத்துக்குக் கிட்டே எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உயரம் பற்றியும் ஒரு சொல். ஆறடிக்கு மேற்பட்ட பெண்கள் பத்துப் பேர் தலைநிமிர்ந்து நடந்து வருவதைக் கிட்ட இருந்து பார்ப்பது திரையில் பார்ப்பதுபோல இருக்காது. எங்கள் பிள்ளைகளில் வளர்த்தியானவள் முதலிற் பழகுவது தோளைக் குறுக்கி நடக்கத்தான். எங்கள் மண்ணின் தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு, இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றவர். அவர் பெயர் ஊரில் அடிபடத் தொடங்கிய காலத்தில், என் அணியிலிருந்த ஒரு நெடிய பிள்ளை படம் எடுக்கும்போது பின்வரிசையில் குனிவதை நிறுத்தினாள். அவளிடம் நான் காரணம் கேட்கவில்லை.

பார்ப்பதால் மட்டும் ஆட்டம் முன்னேறுமா என்றால், முன்னேறாது. பார்த்ததைச் சுடச்சுடச் செய்து பார்த்தால் பயன் உண்டு. விட்டுவைத்தால் அது நல்ல பயண நினைவாக மட்டும் நிற்கும். திறமானவரைப் பார்ப்பதோடு, பிழைவிட்டுத் திருத்திக்கொள்பவரைப் பார்ப்பதும் கற்பவருக்கு உதவுகிறது என்று உடலியக்கக் கற்றல் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போட்டியில் பிழை விட்டவரை உடனே வெளியே எடுத்துவிடுவார்கள், பயிற்சியில் அதே இடத்தில் அதை மீண்டும் செய்ய வைப்பார்கள். பயிற்சிக்குச் சார்பாக நான் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியிருந்தும், உங்கள் மகள் இதுவரை ஒரு பெரிய போட்டியையும் நேரில் கண்டதில்லை என்றால் போட்டியை விட்டுவிடாதீர்கள். நாற்பது நிமிட ஆட்டம், 24 செக்கனுக்குள் எறிய வேண்டிய அவசரம், அந்த இரைச்சல் எல்லாம் எதற்காக என்று தெரியாத பிள்ளைக்குப் பயிற்சி அலுத்துவிடும். இரண்டும் கிடைத்தால் போட்டியை முதலிலும் பயிற்சியைப் பிறகும் பார்ப்பது நல்லது. கிடைக்கும் பயிற்சி கையெழுத்தும் படமும் பரிசுக் குலுக்கலுமாக ஒரு மணித்தியாலத்தில் முடியும் விழா என்றால், அதற்காகப் போட்டியை விடவேண்டாம்.

பயிற்சி கிடைக்காத பட்சத்தில் நான் சொல்வதாகச் சொன்ன வழி இது. போட்டி நாளில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கும் முன்பிருந்தே வீராங்கனைகள் ஒவ்வொருவராக வந்து உதவிப் பயிற்றுநரோடு தனித்தனியே எறிந்து பழகுவார்கள். இருக்கைகள் வெறுமையாக இருக்கும், சத்தம் குறைவாக இருக்கும், பொதுவாகக் கீழ்வரிசைக்குக் கிட்டப் போய் நிற்கவும் விடுவார்கள். மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, தன்னுடைய இடத்தில் ஆடும் ஒரு வீராங்கனையை மட்டும் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். எங்கிருந்து எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது, தவறியதன் பின் அடுத்த பந்துக்கு முன் கையும் காலும் என்ன செய்தன, இவ்வளவும் எழுதினால் போதும். கைத்தொலைபேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பயிற்சிகளில் காணொளி எடுப்பதைப் பல அணிகள் தடுப்பதும் உண்டு, தடுக்காவிட்டாலும் திரைக்குள்ளால் பார்க்கும் பிள்ளை பந்தைத்தான் பின்தொடரும்.

இதைப் போக முன்னர் இங்கேயே ஒருதரம் செய்து பார்க்கட்டும். வருகிற சனிக்கிழமை உங்களுக்குக் கிட்ட உள்ள ஏதாவது களத்தில் மூத்த பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது, அவர்களுடைய பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு, மதிலுக்கு வெளியே நில்லாமல் உள்ளே போய் மூலையில் இருந்து பத்து நிமிடம் ஒரே ஆளைப் பார்த்து எழுதட்டும். முதற் பக்கத்தில் பெரும்பாலும் பந்தைப் பற்றித்தான் எழுதியிருப்பாள். அதைத் திருத்த வேண்டாம், இரண்டாம் பக்கம் எழுதவிடுங்கள். ரொறன்ரோவில் எழுதியதோடு அந்த இரண்டையும் சேர்த்து இங்கே பதிந்தால், எறிகைக் கணக்கைப் பார்த்து அவள் எங்கே நின்று பழகலாம் என்று என்னால் முடிந்தளவு சொல்கிறேன்.